தலைமை பழகுதல்

(சிப்பிகாட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ சமயமோ பேசுவதுதான் வழக்கம். இந்த முறை, ஒரு குழுவை நடத்தக் கற்பது எப்படி என்று அறக்கட்டளையார் பேசச் சொன்னார்கள். காரணம் கேட்டேன். "நம்ம பிள்ளைங்க வேலைக்குப் போய் நாலஞ்சு வருஷத்துல டி.எல். ஆயிடறாங்க. ஆன பிறகு ராத்திரி போன் பண்ணிப் புலம்பறாங்க" என்றார்கள். அந்தப் புலம்பல் எனக்கும் தெரியும். கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தே காலம் கழித்தவன் நான். கம்ப்யூட்டர் கம்பெனியின் டி.எல். (குழுத் தலைவர்) படும் பாட்டைத்தான் கட்டடத்தில் புதிதாக மேஸ்திரி ஆனவரும் படுகிறார்.

அந்தப் பாடு இதுதான். பத்துப் பேரில் யார் நன்றாக வேலை செய்கிறாரோ அவரைத்தான் தலைவராக்குகிறோம். கொத்து வேலையில் கை தேர்ந்தவர் மேஸ்திரி ஆகிறார். ஆன மறுநாளும் அவர் கை கரண்டியைத்தான் தேடும். அடுத்தவர் பூசிய சுவரில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார், முகம் சுளிப்பார், சுரண்டிவிட்டுத் தானே பூசுவார். சுவர் அழகாக வரும். பூசியவரோ மறுநாளிலிருந்து அக்கறை இல்லாமல் பூசுவார். எப்படியும் மேஸ்திரி திருத்திக்கொள்வார் அல்லவா? மேஸ்திரி ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் வேலை நின்றுவிடும். "நான் இல்லாட்டி ஒண்ணும் நடக்காது" என்று அவர் சொல்லும்போது குரலில் அலுப்பும் இருக்கும், கொஞ்சம் பெருமையும் இருக்கும். குழு கெடுவது அந்தப் பெருமையில்தான்.

வேலை தெரிவது ஒரு தொழில். வேலை தெரிந்தவர்களை வேலை செய்ய விடுவது இன்னொரு தொழில். முதல் தொழிலில் தேர்ந்தவருக்கு இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். வராது, தனியாகக் கற்க வேண்டும். எவ்வளவு கற்றார் என்று அளக்க ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் கருத்து: கீழே இருப்பவருக்குத் தெரிந்த உண்மை இந்தத் தலைவரிடம் வந்து சேர்கிறதா?

கான்கிரீட் போடும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நம் அந்தமான் தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. இரண்டு பருவக்காற்றும் நம்மை விடுவதில்லை. தளம் போட ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பழைய கலவையும் புதுக் கலவையும் சேரும் இடத்தில் பின்னாளில் ஒழுகும். ஒரு மேஸ்திரி, மிக்ஸர் ஓடுவதற்கு முன் சென்ட்ரிங்குக்கு அடியில் குனிந்து போவார். கூட அழைத்துப் போவது அனுபவஸ்தரை அல்ல, ஆட்களிலேயே சின்னப் பையனை.

"எந்த முட்டுடா ஆடுது?"

பையன் தயங்குவான்.

"சும்மா சொல்லு தம்பி. நேத்து நீதானே ஆப்பு அடிச்ச?"

"அந்தக் கடைசி வரிசையில ரெண்டாவதுண்ணே. மண்ணு மேல நிக்குது. ராத்திரி மழையில அடி எறங்கியிருக்கும்."

மேஸ்திரி அதைத் தொடமாட்டார். சென்ட்ரிங் ஆளைக் கூப்பிட்டு, "அடியில பலகை வெச்சு ஏத்து" என்பார். மேலே ஏறி வந்ததும் எல்லோர் காதிலும் விழும்படி, "தம்பி சொன்னான், சரி பண்ணியாச்சு. இப்ப ஓட்டுங்க" என்பார். இத்தனைக்கும் ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். அதற்குள் அங்கிருந்த அத்தனை பேருக்கும் ஒன்று விளங்கிவிட்டது: இங்கே குறையைச் சொன்னால் திட்டு விழாது, பேர் கிடைக்கும். அடுத்த தளத்துக்கு அவர் கேட்க வேண்டியிருக்காது. அவர்களே வந்து சொல்வார்கள்.

இந்த ஒரு பழக்கம் ஏன் இத்தனை அரிது? தலைவரின் அதிகாரம் எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும். அதற்குத் தூரம் போக வேண்டாம். நம் ஊர் வரலாறும் நம்மவர் வரலாறுமே போதும்.

போர்ட் பிளேயர் என்று நாம் பழகிய ஸ்ரீ விஜயபுரத்தில் செல்லுலார் சிறையின் கட்டுமானம் 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. உள்ளே கைதிகளை வேலை வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் அல்லர். பெட்டி ஆபீசர், டிண்டல், ஜமாதார் என்று படிப்படியாக உயர்த்தப்பட்ட கைதிகளே மற்றக் கைதிகளை மேய்த்தார்கள். செக்கில் பூட்டப்பட்டவர் நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய் ஆட்ட வேண்டும். குறைந்தால் தண்டனை. அந்த டிண்டலும் ஒரு குழுத் தலைவர்தான். அவருக்கு அதிகாரம் வந்தது அச்சத்திலிருந்து. அவருடைய சலுகையெல்லாம் மேலே இருப்பவர் மனம் கோணாமல் இருப்பதில் தொங்கியது. தன் உடம்பு முடியவில்லை என்று அவரிடம் எந்தக் கைதி சொல்வார்? அச்சம் இருக்கும் இடத்தில் அளவு வரும், உண்மை வராது.

அடுத்தது கடன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் நம் முன்னோரை அழைத்துப் போனவர் கங்காணி. அவரை வெறும் வில்லனாகப் பார்ப்பது எளிது. அதே ஊர்க்காரர், பல சமயம் உறவுக்காரர். துரையிடமும் பேசுவார், ஆட்களிடமும் பேசுவார். இன்றைய டி.எல். நிற்கும் அதே நடு இடம். பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் காலையில் எத்தனை தலை நிற்கிறதோ அத்தனைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. பயணச் செலவும் முன்பணமும் ஆளின் பேரில் கடனாக ஏறும். அந்தக் கடனை அடைத்தால் ஆளை விடுவிப்பதாகத் தோட்டம் எழுதித் தரும் துண்டு இல்லாமல் ஆள் தோட்டம் மாற முடியாது. இலங்கையில் அந்தத் துண்டு முறையை 1921-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். மலேயாவுக்கு உடலுழைப்புத் தொழிலாளரை அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு நிறுத்தியது.

இதில் குழுத் தலைவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. கங்காணியின் வருமானம் தலைக்கணக்கில் வந்தது. எனவே களத்தில் நின்ற தலைகளைத்தான் அவர் எண்ணினார். அந்தத் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்க அவருக்கு எந்தத் தேவையும் இல்லை. இன்று ஒரு குழுத் தலைவரை அவருடைய ஆட்கள் எத்தனை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பதை வைத்து மதிப்பிட்டால், அவரும் கங்காணியாகத்தான் மாறுவார். நல்லவராக இருந்தாலும் மாறுவார்.

மூன்றாவது வகை, தெற்கே நிகோபாரில் இருக்கிறது. கார் நிகோபாரில் ஊர்த்தலைவரைக் கேப்டன் என்கிறார்கள். முதல் கேப்டன், இரண்டாம் கேப்டன், மூன்றாம் கேப்டன் என்று ஊர் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நிலமும் தென்னையும் பன்றியும் துஹேத் என்னும் கூட்டுக்குடும்பத்துக்குச் சொந்தம். கேப்டன் உத்தரவு போட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட முடியாது. அதே ஊரில், அதே மழையில், அதே துஹேத்துகளின் நடுவே வாழ வேண்டும். தவறான முடிவு எடுத்தால் மாலையில் அவர் வீட்டு வாசலிலேயே பேச்சு வரும். இரண்டாம், மூன்றாம் கேப்டன்கள் பக்கத்திலேயே இருப்பதால் அடுத்த தலைவரும் கூடவே பழகிக்கொண்டிருக்கிறார்.

கார் நிகோபாரின் நவீன வரலாற்றில் பெரிய பெயர் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். 1884-இல் பிறந்தவர். ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் துன்புறுத்தப்பட்டவர். 1952-இல் முதல் மக்களவைக்கு நம் தீவுகளிலிருந்து நியமிக்கப்பட்டவர். அவரை எல்லோருக்கும் தெரியும். அவருக்கு எழுத்தறிவித்தவர் ஒரு தமிழர் என்பது நமக்குள்ளேயே பலருக்குத் தெரியாது. வேதப்பன் சாலமன் என்ற உபதேசியார், 1890-களில் மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்தினார். அங்கே படித்த சிறுவன்தான் ரிச்சர்ட்சன். அவன் மேற்படிப்புக்குப் பர்மாவுக்குப் போய், படித்துத் திரும்பி வந்து, ஆசிரியரானான். சாலமன் வெளியிலிருந்து வந்தவர். அந்தத் தீவுக்கு நிரந்தரத் தலைவராகத் தானே இருந்துவிட முடியாது. அந்த மண்ணிலிருந்தே ஒருவர் எழும்பி வர அவர் பள்ளி வழி செய்தது. நம்மவர் வரலாற்றில் கங்காணி ஒருவர், சாலமன் ஒருவர். இரண்டு பேரும் கடல் கடந்து போன தமிழர்கள். இரண்டு பேர் கையிலும் மனிதர்கள் ஒப்படைக்கப்பட்டார்கள். ஒருவரிடம் இருந்தவர்கள் எண்ணிக்கையானார்கள். மற்றவரிடம் இருந்தவர்களில் ஒருவர் தலைவரானார்.

2004 டிசம்பர் 26-இல் வந்த நிலநடுக்கமும் சுனாமியும் இந்தக் கேப்டன் முறையைச் சோதித்தன. கார் நிகோபாரின் ஊர்கள் பெரும்பாலும் கடலோரத்தில் இருந்தவை, அவை அழிந்தன. பெற்றோரை இழந்த குழந்தைகளைத் துஹேத்துகள் தங்கள் குழந்தைகளாக எடுத்துக்கொண்டன. யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் எந்தத் துஹேத், எங்கே மீண்டும் குடியேறுவது என்பதெல்லாம் ஊருக்குள்ளேயே இருந்த அறிவு. அந்த அறிவு வெளியே வர ஒரு வாய் வேண்டும். கேப்டன் அந்த வாய். நெருக்கடியில் புதிதாகத் தலைமையை உண்டாக்க முடியாது. சாதாரண நாட்களில் பழகி வைத்ததுதான் அன்று எழுந்து நிற்கும்.

இனி நாம் உட்கார்ந்திருக்கும் இந்தச் சிப்பிகாட்டுக்கு வருகிறேன். அன்றைய நிலநடுக்கத்தில் வட அந்தமானின் கரை மேலெழுந்தது. பவளப்பாறைகள் நீருக்கு வெளியே வந்தன. தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களுக்குள் ஓடை வழியாக உப்புநீர் புகுந்தது. சுனாமி அலை அன்றோடு போயிற்று. தாழ்ந்த மண்மீது ஓதம் மட்டும் நாள்தோறும் வந்து போயிற்று. நெல் விளைந்த இடத்தில் இன்று நீர்ப்பறவை பார்க்க ஆட்கள் பைனாகுலரோடு வருகிறார்கள். உங்களில் சிலருடைய வயல் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு தலைவருக்கு இதைவிடக் கடினமான நிலை கிடையாது. நேற்றுவரை அவருக்கு இருந்த அனுபவமே இன்று தவறான யோசனை சொல்லும். வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதை முன்பு மழை சொன்னது. இப்போது அமாவாசை பௌர்ணமி ஓதமும் சேர்ந்து சொல்கிறது. விவசாயிக்கு மழை தெரியும், ஓதம் மீனவருக்குத் தெரியும், மண்ணில் உப்பு எவ்வளவு என்பது ஆய்வுக்கூடத்தில் இருப்பவருக்குத் தெரியும். பக்கத்தில் காராச்சர்மாவில் இருக்கும் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார், கரை கட்டி மதகு வைத்து உப்புநீரைத் தடுப்பது, மழைநீரால் உப்பைக் கழுவ விடுவது, அகலமான மேட்டுப்பாத்தியும் அதை ஒட்டி வாய்க்காலுமாக நிலத்தை மாற்றி மேட்டில் காய்கறியும் வாய்க்காலில் மீனும் வளர்ப்பது போன்ற வழிகளைப் பரிந்துரைத்தார்கள். இவற்றில் எதையும் ஒரே ஆளின் அறிவால் செய்ய முடியாது. "எனக்கு இது தெரியாது, யாருக்குத் தெரியும்?" என்று நாலு பேர் முன்னால் கேட்கத் தெரிந்தவர்தான் இப்படிப்பட்ட வேலையை நடத்த முடியும்.

இதே ஊரில் இன்னொரு பாடமும் வேர் விட்டிருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் பசிபிக் தீவுகளிலிருந்து திரட்டி வந்த தென்னை வகைகளை இங்கே உலகத் தென்னை மரபுவள மையத்தில் நட்டார்கள். நெட்டை ரகத் தென்னை காய்ப்புக்கு வரவே ஆறேழு ஆண்டு ஆகும்; அதன் குணம் நிலையாகத் தெரிய இன்னும் பல ஆண்டு. நட்ட விஞ்ஞானி மாற்றலாகிப் போயிருப்பார், ஓய்வும் பெற்றிருப்பார். எந்த வகை, எங்கிருந்து வந்தது என்று சேகரிப்பு எண்ணோடு பதிவேட்டில் எழுதி வைத்ததால்தான் அடுத்து வந்தவருக்கு அந்த மரம் பயன்படும். தன் தலைக்குள் மட்டும் கணக்கு வைத்திருக்கும் தலைவர் ஓய்வு பெறும் நாளில் குழுவுக்குப் பாதி அறிவு போய்விடுகிறது. எழுதி வைப்பதும் தலைமையில் சேர்த்தி.

உண்மை மேலே வருவதற்கு இன்னொரு நிபந்தனை, பழி மேலே போவது. 1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி எஸ்.எல்.வி.-3 ராக்கெட் நம்மைச் சுற்றியுள்ள இதே வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். பத்திரிகையாளர்களை எதிர்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். அடுத்த ஆண்டு ஜூலை 18-இல் வெற்றி கிடைத்தபோது கலாமைப் பேச அனுப்பினார். இந்தக் கதையைப் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளி மேடைகளில் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். நான் அதை வேலை நுட்பமாகப் பார்க்கிறேன். தோல்விக்குப் பின் கோளாறு எங்கே என்று தேட வேண்டும். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு வரை போய்த் தேடினார்கள். தன் தலை உருளும் என்று பயப்படும் பொறியாளர் அந்த வால்வைக் காட்டுவாரா, பக்கத்து மேஜையைக் காட்டுவாரா? வெளியிலிருந்து வந்த அடியைத் தலைவர் வாங்கிக்கொண்டதால் உள்ளே இருந்தவர்கள் பொருளைப் பற்றிப் பேச முடிந்தது. பதினோரு மாதத்தில் மறுபடி ஏவ முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

1990-களில் அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்படும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல தலைமை உள்ள பிரிவுகளில்தான் பதிவான தவறுகள் அதிகம். அங்கே செவிலியர்கள் பயமில்லாமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் மறைத்தார்கள். ஆகவே, திங்கட்கிழமைக் கூட்டத்தில் உங்கள் குழு "எல்லாம் சரியா இருக்கு சார்" என்று ஒரே குரலில் சொன்னால் மகிழ்ச்சி அடையாதீர்கள். வெள்ளிக்கிழமை டெலிவரி அன்று வெடிக்கப் போவது அந்த அறையில் யாரோ ஒருவருக்கு ஏற்கெனவே தெரியும்.

கடைசியாக, விலகத் தெரிவது. 2019 ஆகஸ்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் ஓடர் நகரில் நடந்த உலக ஜூனியர் டிராக் சைக்கிள் போட்டியில் இந்திய அணி டீம் ஸ்பிரிண்ட் பிரிவில் தங்கம் வென்றது. அந்த அணியில் கார் நிகோபார் பையன் ஈசோ ஆல்பனும் ஒருவர். அந்தப் பந்தயத்தின் விதி எனக்கு மிகவும் பிடிக்கும். மூன்று பேர், மூன்று சுற்று. முதல் சுற்றில் முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறார். பின்னால் வருகிறவர்கள் அவர் மறைவில் சக்தியை மிச்சம் பிடிக்கிறார்கள். சுற்று முடிந்ததும் அவர் மேலே ஒதுங்கி வழி விடுகிறார். அடுத்தவர் இரண்டாம் சுற்றை இழுத்துவிட்டு ஒதுங்குகிறார். மூன்றாமவர் கோட்டைத் தொடும் நேரம்தான் அணியின் நேரம். முதலாமவர் ஒதுங்காமல் இன்னொரு சுற்று நானே இழுக்கிறேன் என்றால் அணி தோற்கும். நம் அலுவலகங்களில் எத்தனை பேர் மூன்று சுற்றையும் தாங்களே இழுத்துவிட்டு, "டீமுக்காக உயிரைக் கொடுத்தேன்" என்கிறார்கள்!

இனி, இங்கே இருக்கும் இளைஞர்களுக்குச் செய்துபார்க்கத் தக்க சில பழக்கங்கள். கூட்டத்தில் உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் சொன்னால் மற்றவர்கள் அதைத்தான் திருப்பிச் சொல்வார்கள். கெட்ட செய்தி கொண்டு வந்தவரிடம் முதலில் "சொன்னதுக்கு நன்றி" என்று சொல்லுங்கள்; "ஏன் இப்படி ஆச்சு" என்பது அடுத்த வாக்கியமாக இருக்கட்டும். ஒரு வேலையைக் கொடுக்கும்போது எது முடிந்தால் முடிந்ததாகக் கணக்கு, எப்போது வேண்டும், எவ்வளவு செலவழிக்கலாம், எந்தக் கட்டத்தில் உங்களைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். எப்படிச் செய்ய வேண்டும் என்பதைச் செய்பவரிடம் விடுங்கள். அவர் உங்களைவிடச் சற்று மோசமாகச் செய்வார், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை உங்கள் அளவுக்குச் செய்வார். பொது இடத்தில் பாராட்டுங்கள், திட்ட வேண்டியதைத் தனியாகச் சொல்லுங்கள். வாரம் ஒரு நாள் குழுவிலேயே இளையவரிடம் போய், எந்த முட்டு ஆடுகிறது என்று கேளுங்கள்.

நியமிக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தலைவரானால்தான் சம்பளம் உயரும் என்ற ஏணியை மாற்றுங்கள். அருமையான கொத்தனாரை மேஸ்திரியாக்கி, ஒரு கொத்தனாரையும் இழந்து ஒரு சுமாரான மேஸ்திரியையும் வாங்கிக்கொள்ளும் வியாபாரம் யாருக்கும் லாபமில்லை. கைத்திறனுக்கென்று தனியாக ஓர் உயர்வு வையுங்கள். புதிதாகத் தலைமை ஏற்பவருக்கு ஆறு மாதம் பழக இடம் கொடுங்கள். அந்தக் காலத்தில் அவருக்கு மேலே இருப்பவர் கூடவே இருந்து சொல்லித்தர வேண்டும். ஆறு மாதம் கழித்து, "எனக்கு இது சரிப்படலை, பழைய வேலைக்கே போறேன்" என்று அவர் சொன்னால் மரியாதையோடு திரும்ப வழி இருக்க வேண்டும். அந்த வழி இல்லாததால்தான் பொருந்தாத தலைவர்கள் வருடக்கணக்கில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குழுவையும் வதைத்துத் தாமும் வதைபடுகிறார்கள்.

தலைவரின் மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "இவர் ஒரு மாதம் விடுப்பில் போனால் இந்தக் குழுவை நடத்தக் கூடியவர் யார்?" அங்கே ஒரு பெயர் எழுத முடிந்தால் அவருக்கு உயர்வு கொடுங்கள். இரண்டு பெயர் எழுத முடிந்தால் தயங்காமல் இன்னும் பெரிய குழுவைக் கொடுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால், அவர் எவ்வளவு உழைத்தாலும், இன்னும் தலைமை பழகவில்லை என்று அவரிடமே சொல்லுங்கள்.